ஏசி ஓடுகிறது, வெளியே நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?



சென்ற மே மாதம் நம் பகுதித் திருமண மண்டபம் ஒன்றில் வலீமா விருந்து நடந்துகொண்டிருந்தது. லுஹர் முடிந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்த நேரம். வெளியே வெயில் கொளுத்தியது. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் திடீரென்று ஒரு வெள்ளைக் காரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பின் இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் ஒரு பூனை. அசையாமல் கிடந்தது.

பக்கத்திலேயே மண்டபத்தின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் காரின் இன்ஜின் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. "பூனை சாகுது, பூனை சாகுது" என்று பிள்ளைகள் கத்த, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி ஓடிப்போய் ஒரு செங்கல்லை எடுத்து வந்துவிட்டார். பரிமாறும் வேலையில் இருந்த நம் அறக்கட்டளைத் தன்னார்வலர் ஒருவர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். இன்னொருவர் உள்ளே ஓடி, வண்டி எண்ணை மைக்கில் சொல்லச் செய்தார்.

சஹனில் உட்கார்ந்திருந்த உரிமையாளர் கைகூடக் கழுவாமல் ஓடி வந்தார். கூட்டத்தையும் செங்கல்லையும் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏசி ஓடுது தம்பி. நான் என்ன, பூனையைக் கொல்லவா வெச்சிருக்கேன்? ஆஸ்பத்திரியில காட்டிட்டு நேரா இங்க வர்றோம். தூங்குறதுக்கு ஊசி போட்டிருக்காங்க" என்றார்.

அந்தத் தம்பி தலை குனிந்தபடி சொன்ன பதில் இதுதான்: "உங்களுக்குத் தெரியும் மாமா. வெளியில நிக்கிற எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கதவைத் திறந்தார்கள். உள்ளே குளிராகத்தான் இருந்தது. பூனையும் நலமாகவே இருந்தது. கூடியிருந்தவர்களில் சிலர் அந்தத் தம்பியைக் கேலி செய்தார்கள். உரிமையாளர் கூடையை எடுக்கக் குனிந்தவர், முன்பக்கம் ஒரு கணம் பார்த்துவிட்டு அமைதியாகிவிட்டார். பெட்ரோல் தீரப்போகிறது என்று காட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுவாரம் அவரே நம் அலுவலகத்துக்கு வந்தார். "பத்து நிமிஷம்னு நெனச்சுத்தான் போனேன். முதல் பந்தியில இடம் கிடைக்கல. முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு. என் பேரைப் போடாம இதை எழுதுங்க" என்றார். அந்தத் தம்பியிடமும் கேட்டோம்; அவரும் சம்மதித்தார். இருவருக்கும் நன்றி சொல்லி இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம். இதில் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமல்ல. இருவரும் அந்த உயிரின் மேல் அக்கறை கொண்டவர்களே. ஆனாலும் ஒரு கண்ணாடி உடையவும், இரண்டு குடும்பங்கள் பகையாகவும், ஒரு பூனை சாகவும் இன்னும் கொஞ்ச நேரமே பாக்கி இருந்தது. அது ஏன் என்று பார்ப்போம்.

மூடிய காருக்குள் என்ன நடக்கிறது?

கார்க் கண்ணாடி வழியாக வெயில் தாராளமாக உள்ளே வருகிறது. இருக்கைகளும் முன்பலகையும் அதை வாங்கிச் சூடாகின்றன. அந்தச் சூடு உள்ளிருக்கும் காற்றில் ஏறுகிறது. காற்று வெளியேற வழி இல்லை. அதனால் வெளியே இருப்பதைவிட உள்ளே மிக விரைவாக வெப்பம் கூடுகிறது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். வெளியே ஏறக்குறைய 22 டிகிரி முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்த பல நாட்களில், வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பத்தைக் கணக்கெடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடியிருந்தது. அதிலும் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே கூடிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய பலன் இல்லை. முன்கூட்டியே ஏசி போட்டுக் குளிர வைத்துவிட்டு நிறுத்தினாலும், வெப்பம் ஏறுவது சுமார் ஐந்து நிமிடம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

மிதமான நாட்களிலேயே இப்படி என்றால், 38, 40 டிகிரியைத் தொடும் நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலை எண்ணிப் பாருங்கள். "இப்பத்தானே ஏசியை நிறுத்தினேன், உள்ளே ஜில்லென்று இருக்கும்" என்று நாம் சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பிராணிகளுக்கு இன்னொரு சிரமமும் உண்டு. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை காயும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கும் பூனைக்கும் பாதங்களில் மட்டுமே வியர்க்கும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் தன்னைக் குளிரவைத்துக்கொள்கிறது. மூடிய இடத்தில் அந்த மூச்சின் ஈரமே காற்றில் நிறைந்து, இரைப்பதும் பயனற்றதாகிவிடுகிறது. பூனை சாதாரணமாக வாயைத் திறந்து மூச்சிரைக்காது. அப்படிச் செய்தால் அதற்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள். லவ் பேர்ட்ஸ் போன்ற கூண்டுப் பறவைகளுக்கு வியர்வையே கிடையாது. நாய், பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். முகம் தட்டையான பக், புல்டாக், பாரசீகப் பூனை வகைகளுக்கு மூச்சுப் பாதை குறுகியது என்பதால் இன்னும் விரைவாகப் பாதிப்பு வரும்.

ஏசி ஓடினால் போதாதா?

நம்மில் பலர் கேட்பது இதுதான். ஏசி ஓடும் வரை போதும். அது நின்றுவிட்டால், நாம் மேலே பார்த்த கணக்கு அந்த நிமிடமே தொடங்கிவிடும். கார் ஏசி நிற்பதற்குக் காரணங்கள் பல.

பெட்ரோல், டீசல் தீரலாம். கடும் வெயிலில் நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடும் இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகி, ஏசி தானாக நிற்கலாம். சாவி வண்டிக்குள் இல்லை என்றாலோ, நெடுநேரம் நின்றுவிட்டாலோ, சில புதிய வண்டிகள் இன்ஜினைத் தாமாகவே அணைத்துவிடும். உள்ளே அவிழ்த்துவிட்ட பிராணியின் கால் ஏதாவது ஒரு பொத்தானில் பட்டு, கண்ணாடி இறங்கலாம், கதவு பூட்டிக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. கட்டடங்களின் அடித்தளப் பார்க்கிங்கிலும், வீட்டில் ஷட்டர் போட்ட கார் ஷெட்டிலும் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உள்ளிருக்கும் உயிர் தூங்குவதுபோலவே மடிந்துவிடும்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. பொது இடத்தில் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் இல்லாதபோது, இன்ஜினை அணைத்து பிரேக் போட்டோ, வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்தோதான் நிறுத்த வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. ஓடும் வண்டியைத் திருடன் எளிதாகக் கொண்டுபோய்விடுவான் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

கார் நிறுவனங்கள் கண்ட வழி

மின்சாரக் கார்களில் இன்ஜினும் இல்லை, புகையும் இல்லை. பேட்டரியிலேயே ஏசி ஓடும். இதைப் பயன்படுத்தி டெஸ்லா நிறுவனம் 2019 பிப்ரவரியில் 'டாக் மோட்' என்ற வசதியைக் கொடுத்தது. உரிமையாளர் வண்டியைப் பூட்டிவிட்டுப் போனாலும் அவர் வைத்த அளவில் குளிர் நிற்கும். பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அவருடைய கைபேசிக்கு எச்சரிக்கை போகும். பிறகு ரிவியன் போன்ற வேறு நிறுவனங்களும் இப்படி வசதி செய்தன. டெஸ்லா 2025 ஜூலையில் மும்பையில் விற்பனையைத் தொடங்கியிருப்பதால் இது இனி நமக்கும் தூரத்து விஷயமல்ல.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் காரின் நடுத்திரையில், உரிமையாளர் விரைவில் வந்துவிடுவார் என்ற அறிவிப்பும், உள்ளே எத்தனை டிகிரி இருக்கிறது என்பதும் பெரிய எழுத்தில் தெரியும். அந்த அறிவிப்பு உள்ளே இருக்கும் நாய்க்காக வைத்ததல்ல. வெளியே பதறி நிற்கும் மனிதருக்காக வைத்தது. இந்த வசதி வேண்டும் என்று 2018-இல் ஒரு வாடிக்கையாளர் கேட்டபோதே, வழிப்போக்கர் பார்க்கும்படி திரையில் எழுதிக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்துத்தான் கேட்டார். மண்டபத்தில் நம் தம்பி கேட்ட கேள்விக்கான பதில் அது.

அதற்காக இயந்திரத்தை முழுதாக நம்பிவிடவும் முடியாது. 2019 ஜூலையிலேயே, விசிறி வேகத்தைக் கையால் மாற்றினால் அந்த ஏற்பாட்டில் ஏசி நிலைக்காமல் போகிறது என்று ஒருவர் குறை சொன்னார். நிறுவனமும் அதைச் சரிசெய்வதாகச் சொன்னது. எவ்வளவு நல்ல இயந்திரமும் பொறுப்பை நம் தோளிலிருந்து இறக்கிவிடாது.

விட்டுச் செல்பவர் கவனத்துக்கு

முதல் வழி, அழைத்துச் செல்லாமல் இருப்பது. விருந்துக்கும் கடைத்தெருவுக்கும் போகும்போது பிராணியை வீட்டில் நிழலும் தண்ணீரும் வைத்து விட்டுச் செல்லுங்கள். ஆஸ்பத்திரி, வெளியூர்ப் பயணம் என்று தவிர்க்க முடியாதபோது குடும்பத்தில் பெரியவர் ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் முறைபோட்டு மாற்றிவிடலாம். அல்லது கூடையோடு உள்ளே கொண்டுபோய் ஓர் ஓரத்தில் வைக்க இடம் கேளுங்கள். மண்டபத்தில் அன்று கடைசியில் நடந்தது அதுதான். பெண்கள் பக்கத்து அறையில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. முதலிலேயே கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும்.

ஆளில்லாமல் ஏசியை ஓடவைக்கும் வசதி நிறுவனமே செய்து கொடுத்த மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், அதைப் பயன்படுத்தும்போது இவற்றையாவது பின்பற்றுங்கள்:

1. பேட்டரி போதிய அளவு இருக்கிறதா என்று பார்த்து, நிழலில் நிறுத்துங்கள்.
2. கதவை மூடியவுடன் போய்விடாதீர்கள். சில நிமிடம் நின்று, குளிர் நிலைக்கிறதா என்று கவனியுங்கள்.
3. கைபேசியைச் சத்தம் வரும்படி கையிலேயே வைத்திருங்கள். சிக்னல் கிடைக்காத இடத்துக்குப் போகாதீர்கள்.
4. ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு அதற்குள் திரும்புங்கள். நீண்ட வரிசையில் நிற்கும் வேலைக்கும், நடுவில் எழ முடியாத பந்திக்கும் போகாதீர்கள்.
5. முன்கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை வையுங்கள்: "உள்ளே பூனை இருக்கிறது. ஏசி ஓடுகிறது. 1.40-க்குத் திரும்புவேன்." கீழே உங்கள் தொலைபேசி எண். பக்கத்திலேயே வெளியிலிருந்து படிக்கும்படி ஒரு சிறு வெப்பமானி.

அந்த அட்டை இருந்திருந்தால் அன்று செங்கல்லுக்கே வேலை இருந்திருக்காது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம். இவை எதுவும் குழந்தைகளுக்குப் பொருந்தாது. எந்தக் காராக இருந்தாலும், ஏசி ஓடினாலும், ஒரு நிமிடமே என்றாலும், பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. வீட்டு வாசலில் நிற்கும் காரையும் எப்போதும் பூட்டி வையுங்கள்; விளையாட்டாக உள்ளே ஏறிய பிள்ளைகளுக்குத் திறக்கத் தெரியாமல் போகலாம்.

பார்ப்பவர் கவனத்துக்கு

அந்தத் தம்பியைக் கேலி செய்தவர்களிடம் நாம் ஒன்று சொல்ல விரும்புகிறோம். அன்று அவர் பதறியது சரி. அவசரப்பட்டது மட்டுமே தவறு. பார்த்தும் பார்க்காமல் போவதைவிட, வந்து கேட்டுவிட்டு "ஒன்றுமில்லை" என்று திரும்பிப் போவது எவ்வளவோ மேல். ஆனால் கையை ஓங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில் பாருங்கள். இன்ஜின் ஓடுகிறதா? வண்டிக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டுகிறதா? திரையிலோ அட்டையிலோ ஏதாவது எழுதியிருக்கிறதா? பிராணி சாதாரணமாகப் படுத்திருக்கிறதா, அல்லது வாயைத் திறந்து வேகமாக இரைக்கிறதா, எச்சில் வழிகிறதா, தள்ளாடுகிறதா, வாந்தி எடுத்திருக்கிறதா? கண்ணாடியை மெல்லத் தட்டினால் திரும்பிப் பார்க்கிறதா?

அடுத்து, உரிமையாளரைத் தேடுங்கள். மைக்கில் அறிவிக்கச் சொல்லுங்கள், காவலாளியிடம் சொல்லுங்கள், பக்கத்துக் கடைகளில் கேளுங்கள். ஒருவர் தேடப் போகட்டும், ஒருவர் வண்டியருகே நிற்கட்டும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிராணியிடம் ஆபத்தின் அடையாளம் தெரிந்தால் உடனே 112-ஐ அழையுங்கள். கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது. எல்லாக் கதவுகளையும் திறந்து பாருங்கள். ஏதாவது ஒன்று பூட்டாமல் இருக்கலாம்.

கண்ணாடியை உடைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2017 ஜனவரி முதல் இதற்கென்றே சட்டம் இருக்கிறது. அதுவும் நிபந்தனைகளோடுதான் பாதுகாப்புத் தருகிறது. பிராணி உடனடி ஆபத்தில் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் வேண்டும். வண்டி பூட்டியிருக்க வேண்டும். உடைப்பதற்கு முன் காவல்துறைக்கோ, தீயணைப்புத் துறைக்கோ, விலங்குப் பாதுகாப்புத் துறைக்கோ, அவசர எண்ணுக்கோ அழைத்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் சேதம் செய்யக்கூடாது. அதிகாரிகள் வரும் வரை பிராணியோடு பக்கத்திலேயே நின்று அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். கண்ணாடியை உடைப்பவருக்கென்று அதில் தனிப் பாதுகாப்பு எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே காவல்துறையை அழைத்து, சாட்சிகளோடு, அவர்கள் சொல்வதைக் கேட்டு நடப்பதே நமக்கும் பாதுகாப்பு. மேலே சொன்ன நிபந்தனைகளின் ஒழுங்கு எந்த ஊருக்கும் நல்ல ஒழுங்குதான்: பார், தேடு, அழை, கடைசியாகத்தான் கை.

வெப்பத்தால் துவண்ட பிராணியை வெளியே எடுத்தால் நிழலுக்குக் கொண்டு போங்கள். சாதாரணக் குளிர்ந்த தண்ணீரால் உடலை நனைத்து விசிறுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் வையுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். தெளிந்துவிட்டதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உள்ளே ஏற்பட்ட பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

உரிமையாளர் வந்ததும் குரலை உயர்த்தாதீர்கள். படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் வண்டி எண்ணோடு பரப்பாதீர்கள். அவர் தரப்பில் நாம் அறியாத காரணம் இருக்கலாம். உரிமையாளரும், "உன் வேலையைப் பார்" என்று சொல்லாமல், நின்றவருக்கு நன்றி சொல்லட்டும்.

இரண்டு செய்திகள்

நாம் சிறு வயதிலேயே மதரஸாவில் கேட்ட இரண்டு ஹதீஸ்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன. ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு உள்ளானதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தன் காலுறையில் தண்ணீர் கொண்டுவந்து புகட்டிய மனிதர் மன்னிக்கப்பட்டதையும் அறிவித்தார்கள்.

முதலாவது, பிராணியை வைத்திருப்பவருக்கான பாடம். அடைத்து வைக்கப்பட்ட உயிர் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ள முடியாது. அதன் காற்றுக்கும் தண்ணீருக்கும் அடைத்தவரே பொறுப்பு. இரண்டாவது, வழியில் போகிறவருக்கான பாடம். அந்த நாய் அவருடையதல்ல. ஆனாலும் அவர் கடந்து போகவில்லை. அன்று மண்டபத்தில் அந்த மாமாவும் அந்தத் தம்பியும் இந்த இரண்டு இடங்களில்தான் நின்றார்கள்.

முன்கண்ணாடியில் வைப்பதற்கான அட்டைகளை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வந்து இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். முதல் அட்டைகளை எழுதித் தந்தவர் அந்தத் தம்பிதான். அச்சுக்கான செலவை ஏற்றவர் யார் என்று நாங்கள் சொல்லாமலே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

வீட்டில் சேர்ந்து பேச

1. நம் வீட்டுப் பூனையையோ பறவையையோ வெளியே கொண்டுபோகும் நாளில், அதனோடு யார் இருப்பது என்று முன்பே முடிவு செய்கிறோமா?
2. "பத்து நிமிடம்" என்று சொல்லிப்போன வேலை கடைசியாக எப்போது பத்து நிமிடத்தில் முடிந்தது?
3. நம் பிள்ளைகள் பூட்டிய காருக்குள் ஓர் உயிரைப் பார்த்தால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியுமா? 112, 1962 என்ற எண்களைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?
4. நம் மேல் அக்கறையோடு ஒருவர் கேள்வி கேட்கும்போது, கோபம் வருவதற்கு முன் அவர் இடத்தில் நின்று பார்க்க நம்மால் முடிகிறதா?